பத்தின் குறி

ஈரிலக்க எண்ணொன்றின் இலக்கங்களைக் கூட்டினால் 9. அவ்வெண்ணுடன் 45 சேர்த்தால் இலக்கங்கள் இடம் மாறும். அவ்வெண் யாது? இலக்கங்களை அ, இ எனக் கொள்வோம். மாணவர் பலர் இடறுவது சமன்பாட்டைத் தீர்ப்பதிலன்று; எண்ணை ‘அஇ’ என்றெழுதுவதிலேயாம். அது பெருக்கற்பலனாகிவிடும்.

திருவக்கரைச் சந்திரமௌலீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள. கல்வெட்டுத் தமிழில் இருபத்தேழை ௨௰௭ என்று பொறிப்பர். இடையிலுள்ள ௰ பத்தைக் குறிக்கும். இம்முறையை நினைவிற்கொண்டால் நம் எண் 10அ+இ என்பது எளிதில் விளங்கும். தமிழ் வகுப்பில் இதைச் சொன்னாலும் தகும்.

இனி, 10அ+இ+45 = 10இ+அ. இருபுறமும் ஒத்த உறுப்புகளைக் கழிப்போம். 9ஆம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி இதனை ‘முகாபலா’ என்றார். 9இ−9அ = 45; எனவே இ−அ = 5. அ+இ = 9 ஆதலின் இ = 7, அ = 2.

விடை ௨௰௭, 45 சேர, ௭௰௨. ௰ மட்டும் இடம் பெயரவில்லை.