தண்டப்பணமும் சிறைக்கதவும்

2024 ஆகஸ்டில் கற்பிட்டிக் கடற்பரப்பில் கைதான தூத்துக்குடி மாவட்டம் தருவைகுளத்து மீனவர்களுக்குப் புத்தளம் நீதிமன்றம் பெருந்தொகைத் தண்டப்பணம் விதித்தது. கூலிக்குக் கடலேறும் ஒருவர் கட்டக்கூடிய தொகையன்று அது. எல்லை தாண்டி வந்து மீன்பிடிப்பதால் நமது கரையோரத்தார் அடையும் இழப்பு தனியே பேசப்பட வேண்டியது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தண்டப்பணம் செலுத்த வசதியுள்ளவர் வீடு திரும்ப, வசதியற்றவர் சிறை செல்லும் முறைமை அயல்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் தண்டனை பெற்றுச் சிறை செல்வோருள் பெரும் பகுதியினர் தண்டப்பணம் செலுத்த இயலாதவர்களே என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்கள் ஆண்டுதோறும் காட்டி வந்துள்ளன.

வறுமையே சிறைவாசத்தை நீட்டிக்கும் இக்கொடுமை பழையது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறைக்காவலருக்குச் சம்பளம் கிடையாது; கைதிகளிடம் அறவிடும் கட்டணமே அவர்களது வருவாய். நிரபராதி எனத் தீர்ப்புப் பெற்றவரும் அக்கட்டணத்தைக் கொடுக்காமல் வெளியேற முடியாது. 1773 இல் பெட்போர்ட்ஷயரின் ஷெரீப்பாகப் பதவியேற்ற ஜோன் ஹவார்ட் இதனைக் கண்டு அதிர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே சட்டம் வந்தது. எனினும் சட்டம் வந்ததால் சிறை மாறிவிடவில்லை.

அதனை மீண்டும் அரசியல் வினாவாக்கியவர்களுள் தோமஸ் ஃபவல் பக்ஸ்டன் முதன்மையானவர். லண்டனில் பியர் உற்பத்திச்சாலை ஒன்றின் பங்காளி. நியூகேட் சிறையில் பெண் கைதிகளிடையே பணியாற்றிய எலிசபெத் ஃபிரையின் தங்கையை மணந்தவர். லண்டன் சிறைகளை நேரில் பார்த்து அவர் எழுதிய நூல் 1818 இல் வெளிவந்தது. அதே ஆண்டு வேமத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கும் தெரிவானார். விசாரணைக்கு முன் ஒருவரை அடைத்து வைப்பது அவர் தப்பிச் செல்லாதிருப்பதற்கு மட்டுமே; அதற்கு மேல் விலங்கும் பசியும் ஈரத்தரையும் அவருக்கு விதிக்கப்படாத தண்டனைகள் என்பதே அந்நூலின் சாரம். சட்டம் விதித்தது எது, சிறை தானாகச் சேர்த்தது எது என்று பிரித்துக் காட்டியதுதான் அவரது பெரும் பங்களிப்பு என நாம் கருதுகிறோம். கருணை மிக்க பார்வையாளர் பலர் இருந்தனர். இக்கணக்கைச் சபையின் முன் வைக்க அரசியல்வாதி ஒருவர் வேண்டியிருந்தது.

1823 இல் உள்நாட்டமைச்சர் ரொபர்ட் பீல் கொண்டுவந்த சிறைச் சட்டம் காவலருக்குச் சம்பளத்தையும், பெண் கைதிகளுக்குப் பெண் காவலரையும் விதித்தது. ஆயினும் அது பெரிய சிறைகளையே தொட்டது. அரச பரிசோதகர்கள் நியமிக்கப்பட 1835 வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வலை இலங்கைக்கு வந்தபோது நமது கரையோரத்தைச் சேர்ந்த ஒருவர் சட்டநிரூபண சபையில் அமர்ந்திருந்தார். 1807 இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள் 1838 முதல் 1845 வரை அச்சபையின் உறுப்பினர். பின்னர் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் விளங்கினார். 1844 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தீவெங்கும் சிதறிக் கிடந்த சிறு சிறைகளை உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையின் கீழ்க் கொண்டுவந்தது. அடிமை முறை இங்கு முற்றாக ஒழிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். பாராளுமன்றத்தில் பக்ஸ்டன் தலைமையேற்று நடத்திய அடிமை ஒழிப்புப் போராட்டம் 1833 இல் சட்டமானபோது, இலங்கைக்கு அதிலிருந்து விலக்களிக்கப்பட்டிருந்தது. ஆகவே அவர் முன்னெடுத்த இரு காரியங்களும் இங்கு ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன எனலாம். தனியான சிறைச்சாலைத் திணைக்களம் உருவாக 1877 ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது.

இன்று சிறைக்காவலருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. கைதியிடம் கட்டணம் கேட்கச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆனால் பக்ஸ்டன் பிரித்துக் காட்டிய கணக்கு தீரவில்லை. கொள்ளளவைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்டோரை அடைத்து வைப்பது நமது சிறைகளின் வழமையாகிவிட்டது. அவர்களுள் அரைவாசிக்கும் அதிகமானோர் இன்னும் தீர்ப்புப் பெறாத விளக்கமறியல் கைதிகள். 2020 நவம்பரில் மஹர சிறைச்சாலையில் 11 பேர் உயிரிழந்தது இந்த நெரிசலின் நடுவேதான்.

சிறைக்குப் பதிலாகச் சமுதாய சேவையில் ஈடுபடுத்த 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்துள்ளது. அதற்கெனத் திணைக்களமும் உண்டு. சிறு தண்டப்பணத்துக்காக ஒருவரைச் சிறையில் அடைத்து அரசு செலவில் உணவளிப்பதைவிட, அவரைத் தமது ஊரிலேயே பணி செய்ய விடுவது செலவிலும் குறைந்தது. சிலாபம், புத்தளம் நீதிமன்றங்களில் தோன்றும் சட்டத்தரணிகள் இவ்வாணையைத் தம் கட்சிக்காரருக்காக வலியுறுத்திக் கேட்க வேண்டும். ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினருள் கடன்பட்டோரும் அடங்குவர் என்பதை அறிந்த நமது பள்ளிவாசல் நிருவாகத்தினர், தண்டப்பணம் கட்ட வழியின்றிச் சிறையிலிருக்கும் ஏழைகளையும் அவ்வரிசையில் சேர்க்க முடியுமா என உலமாக்களிடம் வினவலாம்.