உச்சி 1.10க்கு

அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் விடியுமுன்னே பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அந்த நேரத்தில்தான் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக இறங்கும். யாரும் அம்மாவின் தோலை நினைத்து வைத்த நேரமில்லை அது. ஆனாலும் வெயில் ஏறுமுன் நிரை முடிந்துவிடும், மிச்ச வேலையும் நிழலில்.

செம்பனை வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. ஹெக்டேருக்கு 136 முதல் 148 கன்று. நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டு, உரம் போடுகிறவருக்கும் மருந்து அடிக்கிறவருக்கும் தலைக்கு மேல் ஓலையே கிடையாது.

சிரம்பான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 2.7 பாகை. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் உச்சந்தலையில். கடிகாரத்தை நம்பக் கூடாது: 1982 ஜனவரி 1 முதல் மலேசியத் தீபகற்பத்தின் மணியை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். இங்கே உச்சி 12க்கு இல்லை, 1.10 வாக்கில். ஒரு நாளின் புற ஊதாக் கதிரில் சுமார் 60 சதவீதம் 11.10க்கும் 3.10க்கும் இடையில் இறங்குகிறது. சாப்பிட்டுவிட்டு 1 மணிக்கு, 'உச்சி தாண்டியாச்சு' என்று நிரைக்குத் திரும்புகிறவர் அதன் வாயிலேயே போய் நிற்கிறார்.

அந்தக் கதிர் தோலுக்குள் செய்வது வேறு. தோலின் மேலடுக்கில் 100 உயிரணுவுக்கு 2 முதல் 5 வரை லாங்கர்ஹான்ஸ் அணுக்கள். 1868இல் பவுல் லாங்கர்ஹான்ஸ் 21 வயது மாணவராக இருந்தபோது கண்டவை. தோட்டத்துப் பேச்சில் சொன்னால் ஜாகா வேலை, அதாவது காவல், பார்ப்பவை. 280 முதல் 315 நானோமீட்டர் அலை, அதாவது புற ஊதா பி, பட்டால் இவை இடம்விட்டு நகர்கின்றன. நோய் எதிர்ப்பை அடக்கும் டி அணுக்கள் கிளம்புகின்றன. 1970களில் மார்கரெட் கிரிப்கி இதை எலிகளில் காட்டினார். கதிரால் வந்த கட்டியைச் சாதாரண எலிக்குள் வைத்தால் உடல் அதை ஒழித்துவிட்டது. கதிர் பட்டிருந்த எலியிலோ கட்டி வளர்ந்தது. தோல் கன்றாத அளவுக் கதிரே இந்த அடக்கத்துக்குப் போதும். மருத்துவமனையில் காளாஞ்சகப் படைக்கு 311 நானோமீட்டர் விளக்கைக் காட்டுவதும் இதே அடக்கத்தை நம்பித்தான், ஆனால் அங்கே நொடி எண்ணிக் காட்டுகிறார்கள்.

'கறுத்த தோலுக்கு வெயில் என்ன செய்யும்?' என்பார்கள். மிகக் கறுத்த தோலின் மேலடுக்கு 7.4 சதவீதப் புற ஊதா பி கதிரை உள்ளே விடுகிறது, வெள்ளைத் தோல் 24 சதவீதம். மூன்று மடங்குக் காப்பு, அவ்வளவுதான். உரம் போட்ட வாரங்களில் அம்மாவின் உதட்டோரம் கொப்புளம் கட்டும். 'சூடு' என்று இளநீர் கொடுப்போம். நரம்பில் தூங்கும் அக்கி வகைக் கிருமி, காவல் தளரும்போது எழுந்து வருவதுண்டு என்பது பிறகு படித்தது.

களிம்பு பூசலாமே? முகம், கழுத்து, முன்கை, புறங்கை என்றால் ஏறக்குறைய 3,060 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் ஒரு பூச்சு 6 கிராம். நாளுக்கு இரண்டு முறை, 26 நாள்: 318 கிராம். 50 கிராம் டியூப் 25 ரிங்கிட் என்று வைத்தால் 159 ரிங்கிட். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் 9 சதவீதத்துக்கும் மேல். எந்த வீட்டிலும் இது நடக்காது.

அம்மாவின் செலவு சுழியம்: அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வேர்வையில் நனைந்த பருத்தி கதிரைக் கூடுதலாக உள்ளே விடும். ஆனால் அம்மா போட்டது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சட்டை. கைவிளிம்பு முடிந்த இடத்தில், மணிக்கட்டில், இன்றைக்கும் இரண்டு நிறம்.