மாதவிலக்கு நின்றபின் வரும் உதிரம்

தாம்பரத்தில் என்னிடம் ஓதும் சிறுமி ஒருத்தியின் பாட்டியார், என் மனைவி மூலம் ஒரு மஸ்அலா கேட்டனுப்பினார். மாதவிலக்கு நின்று ஆறாண்டுகளான பின் மீண்டும் உதிரம் படுகிறது. தொழுகைக்கு என்ன செய்வது என்பது வினா. கிதாபைப் பார்த்து விடை சொல்லியனுப்பினேன். மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எட்டு மாதங்கள் கழித்தே அது கருப்பையின் உட்சவ்வில் உண்டான புற்றுநோய் என்று தெரியவந்தது. கருப்பையை அகற்றிய பின், அல்ஹம்துலில்லாஹ், நலமாயிருக்கிறார். எனினும் அந்த எட்டு மாதங்கள் என்னை உறுத்துகின்றன.

அவ்வம்மையார் பருத்த உடலினர். தாயாரும் தமக்கையும் அவ்வாறே. "எங்கள் குடும்ப வாகு" என்பார்களாம். அந்த வாகுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு. மாதவிலக்கு நின்று சூலகம் ஓய்ந்த பின்னும் உடற்கொழுப்பு ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பை உண்டாக்குகிறது. அது உட்சவ்வை வளரச் செய்யும். அவ்வளர்ச்சிக்குக் கடிவாளமிடும் புரோஜெஸ்டிரோனோ அப்போது போதிய அளவில் இராது. தடித்த சவ்வு நாளடைவில் புற்றாகலாம். கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது உடல் நிறை எண். அது 5 கூடுந்தோறும் இந்நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. இந்தியருக்கு 23ஐ எட்டினாலே மிகை எடைதான்.

எடை கூட்டும் மரபணுக் கூறுகளைப் பிறவியிலேயே பெற்ற பெண்களிடம் இந்நோய் மிகுதி என்றும் ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆயின் அம்மரபு பெரிதும் எடையின் வழியாகவே கேடு செய்கிறது; எடை குறைந்தால் ஆபத்தும் குறையும். குடும்ப வாகு என்பதில் பாதி நம் அடுக்களை என்பது என் எண்ணம். பெண் காலையில் நடக்கக் கிளம்பினால் "எங்கே புறப்பட்டுவிட்டாள்?" என்று கேட்கும் வீடுகளையும் நானறிவேன்.

எடைக்குக் காத்திராத மரபும் ஒன்றுண்டு. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தையற்காரப் பெண்ணொருத்தி, தன் குடும்பத்தார் பலரும் கருப்பை, குடல் புற்றால் மாண்டதால் தானும் அவ்வாறே இறப்பேன் என்று வார்தின் என்னும் மருத்துவரிடம் வருந்தினாள். அவ்வாறே கருப்பைப் புற்றால் இறந்தாள். இன்று அப்பரம்பரை நோய் லிஞ்ச் நோய்க்குறி எனப்படுகிறது. குடும்பத்தில் இவ்விரு புற்றும் பலருக்கு வந்திருப்பின் மருத்துவரிடம் மறவாது சொல்லுங்கள்.

மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்ட பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவிலேயே புற்று இருக்கும். ஆயினும் ஒரு துளி பட்டாலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். தேவைப்பட்டால் சவ்வில் சிறு துணுக்கெடுத்துச் சோதிப்பார்கள். கூச்சப்படும் தாய்மார்கள் பெண் மருத்துவரையே கேட்கலாம். நமக்கு அண்மையில் அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய முத்துலட்சுமி ரெட்டியும், பின்னர் அதை நெடுங்காலம் நடத்திய சாந்தாவும் பெண் மருத்துவர்களே.