ஷுல்டெனைட்: அரிய கனிமம், பழத்தோட்டத்து நஞ்சு

ஷுல்டெனைட் ஈயமும் ஆர்சனிக்கும் கலந்த ஓர் அரிய கனிமம். நமீபியாவின் சூமெப் சுரங்கத்தில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு பிரிட்டிஷ் கனிமவியலாளர் எல். ஜே. ஸ்பென்சர் 1926-இல் இதை விவரித்தார். இதே சேர்மத்தை அதற்கு முன்பே ஆய்வகத்தில் உருவாக்கியிருந்த ஹெல்சின்கி வேதியியலாளர் ஆகஸ்ட் பெஞ்சமின் டி ஷுல்டென் (1856–1912) நினைவாகப் பெயர் வைக்கப்பட்டது.

கனிம வகைப்பாட்டில் இது பாஸ்பேட், ஆர்சனேட், வனடேட் கனிமங்கள் அடங்கிய பெரும்பிரிவைச் சேர்ந்தது. ஓர் ஈய அணு, ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆர்சனேட் தொகுதி ஆகிய மூன்றும் சேர்ந்ததே இதன் அமைப்பு, படிகநீர் கிடையாது. எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் ஈயம், 21 சதவீதத்துக்குச் சற்று மேல் ஆர்சனிக். இதைவிடப் பரவலாகக் கிடைக்கும் மிமெட்டைட்டும் ஈய ஆர்சனேட்தான் என்றாலும், அதில் குளோரினும் உண்டு. அதன் படிகம் அறுகோண வகை, இடம்பெறுவது அபடைட் குழுவில். ஷுல்டெனைட்டின் படிகமோ ஒற்றைச்சரிவு வகை.

பார்வைக்கு ஷுல்டெனைட் நிறமற்ற, தட்டையான, ஒளி ஊடுருவும் படிகம். ஜிப்சம் என்றே பலரும் நினைத்துவிடுவார்கள். கையில் எடுத்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: ஜிப்சத்தின் ஒப்படர்த்தி 2.3, இதற்கோ ஏறத்தாழ 6. கடினத்தன்மை 2.5 மட்டுமே என்பதால் செப்புக் காசால் கீறினாலே தூள் உதிரும். அந்தத் தூள்தான் ஆபத்து. கனிமம் சேகரிப்பவர்கள் இதை உலர்ந்த நிலையில் அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. அமிலத்தில் போட்டுச் சுத்தம் செய்யக் கூடாது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தைகளுக்கு எட்டாமல் மூடிய பெட்டியில் வைக்க வேண்டும்.

பாறையில் இவ்வளவு அரிதான இந்தச் சேர்மத்தைத்தான் மனிதர்கள் தொழிற்சாலைகளில் டன் கணக்கில் தயாரித்து வயலில் தெளித்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜிப்ஸி அந்துப்பூச்சியை ஒழிக்க 1892-இல் ஈய ஆர்சனேட் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் புழுவுக்கும் அதுவே மருந்தாயிற்று. இலையில் நன்றாக ஒட்டிக்கொண்டது, மழையில் எளிதில் கரையவில்லை, விலையும் குறைவு. புழுக்கள் எதிர்ப்புத்திறன் பெறப் பெற விவசாயிகள் அளவையும் தடவைகளையும் கூட்டினார்கள். 1940-களின் இறுதியில் டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி வந்தபின் பயன்பாடு சரிந்தது. பூச்சிக்கொல்லிப் பதிவு முழுமையாக ரத்தானது 1988-இல்தான்.

தெளிப்பு நின்றது, தெளித்தது போகவில்லை. ஈயமும் ஆர்சனிக்கும் தனிமங்கள், எத்தனை ஆண்டுகளானாலும் சிதையாதவை. ஈயம் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஆர்சனிக் சற்றுக் கீழே இறங்கும். பாஸ்பேட் உரம் இட்டால் அது மண்துகளில் ஆர்சனேட் பிடித்திருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, விடுபட்ட ஆர்சனிக் மேலும் நகர்கிறது. ஆக, நல்லெண்ணத்தோடு இடும் உரமே நஞ்சைக் கிளப்பிவிடக்கூடும். வாஷிங்டன் மாநிலத்தில் மட்டும் சுமார் 1,87,000 ஏக்கர் பழைய பழத்தோட்ட நிலம் இவ்வாறு மாசுபட்டிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் ஒரு பகுதி இன்று குடியிருப்பாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறிவிட்டது.

அதிக ஆபத்து குழந்தைகளுக்கு. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைப்பது அவர்கள் இயல்பு. உட்கொண்ட ஈயத்தைப் பெரியவர்களைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்வது அவர்கள் உடல். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது. நீண்டகாலம் உடலில் சேரும் ஆர்சனிக் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களுக்குக் காரணமாகும். இந்த இரு நஞ்சுகளும் சிறிது சிறிதாகச் சேரும்போது உடனடி அறிகுறி ஏதும் தெரியாது என்பதால் சோதித்தால்தான் உண்டு: ஈயத்துக்கு ரத்தப் பரிசோதனை, ஆர்சனிக்குக்குச் சிறுநீர்ப் பரிசோதனை.

வாஷிங்டன் மாநிலத்தின் நச்சு அகற்றும் சட்டம் 1988-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதன்படி, குடியிருப்பு உள்ளிட்ட எல்லாப் பயன்பாட்டுக்கும் உரிய மண்ணில் ஒரு கிலோவுக்கு ஆர்சனிக் 20 மில்லிகிராமையும் ஈயம் 250 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை. ஆனால் உணவுப் பயிருக்காக, அன்றைய விதிகளின்படி, கவனக்குறைவின்றிப் பூச்சிமருந்து தெளித்தவருக்கு அதில் விலக்கு உண்டு. அரசே பரிந்துரைத்த மருந்தைத் தெளித்த விவசாயியைத் தண்டிக்காமல் விட்டது நியாயம்தான். அதன் விளைவாகச் சுமை மனை பிரிப்பவர் மீதும், அவர் தட்டிக்கழித்தால் வீடு வாங்கும் குடும்பத்தின் மீதும் விழுகிறது.

வாங்குபவருக்கு உரிமை இல்லாமல் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் மண் மாசு உள்ளிட்ட குறைகளை விற்பவர் ஒரு படிவத்தில் எழுதித் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவம் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். ஆனால் விற்பவர் தமக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும், தெரியாததைத் தேடிச் சொல்ல வேண்டியதில்லை. படிவத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

மாசுள்ள மண்ணைத் தோண்டி அகற்றலாம். மாசு குறைவாக இருந்தால் அடிமண்ணோடு ஆழக் கலக்கலாம். சுத்தமான மண்ணாலோ தளத்தாலோ மூடலாம். வீட்டளவில் வெறும் மண்ணைப் புல்லாலோ சரளையாலோ மூடுவது, செருப்பை வாசலிலேயே விடுவது, தரையை ஈரத்துணியால் துடைப்பது ஆகியவை பலன் தரும். மரத்தில் காய்க்கும் பழத்தில் நஞ்சு ஏறுவது மிகக் குறைவு. கேரட் போன்ற கிழங்குகளும் கீரைகளும் அப்படியல்ல. அவற்றை வெளியிலிருந்து கொண்டுவந்த மண் நிரப்பிய உயர்பாத்திகளில்தான் வளர்க்க வேண்டும். கிணற்று நீரில் ஆர்சனிக் இருந்தால் கொதிக்கவைப்பதால் அது நீங்காது.

நிலம் வாங்குபவராக இருந்தால், 1950-க்கு முன் அங்கே என்ன விளைந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழத்தோட்டம் என்று பதில் வந்தால், ஈயம், ஆர்சனிக் இரண்டுக்கும் மண் பரிசோதனை முடிவு கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.