காற்றிலிருந்து உரம்

1898-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உரையாற்றிய வில்லியம் குரூக்ஸ் எனும் அறிவியலாளர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். அக்காலத்தில் ஐரோப்பாவின் கோதுமை வயல்களுக்கு வேண்டிய நைட்ரஜன் உரம், தென் அமெரிக்காவின் சிலி நாட்டுப் பாலைவனத்தில் வெட்டியெடுக்கப்பட்ட உப்பிலிருந்து கிடைத்தது. அது தீர்ந்துபோனால் உணவுப் பஞ்சம் வரும் என்றார் அவர்.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆயினும், அதன் அணுக்கள் இரண்டிரண்டாக மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் பயிர்களால் அதை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. நைட்ரஜனை ஹைட்ரஜனுடன் சேர்த்து அம்மோனியாவாக மாற்றினால் உரம் தயாரிக்கலாம். ஆனால், இது மீள்வினை. ஒருபுறம் அம்மோனியா உருவாகும்போதே, மறுபுறம் உருவான அம்மோனியா சிதைந்து பழைய வாயுக்களாகிவிடும்.

மதிய உணவு வேளையில் உணவங்காடி நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். சாப்பிட்டு எழுவோர் எத்தனை பேரோ, அத்தனை பேர் புதிதாக வந்து அமர்கின்றனர். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் அமர்ந்திருப்போரின் எண்ணிக்கை மாறுவதில்லை. வேதிச் சமநிலையும் இப்படித்தான். வினை நின்றுவிடுவதில்லை, இரு திசையிலும் ஒரே வேகத்தில் நடக்கிறது.

இந்தச் சமநிலையை நமக்குச் சாதகமாக நகர்த்த முடியுமா? முடியும் என்பதற்கான விதியை 1884-இல் பிரெஞ்சு அறிவியலாளர் லீ சாட்லியர் வெளியிட்டார். சமநிலையில் இருக்கும் ஒன்றின் சூழலை மாற்றினால், அம்மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் சமநிலை நகரும் என்பதே அவ்விதி.

அம்மோனியாவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் சேர்ந்து இரண்டே அம்மோனியா மூலக்கூறுகள் ஆகின்றன. நான்கு இரண்டாகக் குறைகிறது. ஆகவே, அழுத்தத்தைக் கூட்டினால் இடம் குறைவாகத் தேவைப்படும் திசைக்கு, அதாவது அம்மோனியாவின் பக்கம், சமநிலை நகரும். இவ்வினை வெப்பத்தையும் வெளியிடுகிறது. எனவே, வெப்பநிலையை உயர்த்தினால் சமநிலை பின்னோக்கிச் சென்று அம்மோனியா குறைந்துவிடும்.

விதியைக் கண்டவரே 1901-இல் இதைச் செய்து பார்த்தார். கருவிக்குள் காற்று கலந்திருந்ததால் பெரும் வெடிப்பு நேர்ந்தது; உதவியாளர் ஒருவர் உயிர் தப்பியதே அரிது. லீ சாட்லியர் அம்முயற்சியை அத்தோடு கைவிட்டார்.

அதைச் செய்து முடித்தவர் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர். அவரை வாட்டியது வெப்பநிலைதான். குளிர்வித்தால் அம்மோனியா அதிகம் கிடைக்க வேண்டும். ஆனால் வினையோ நகரவே நகராது. சூடாக்கினால் வினை விரைவாக நடக்கும், விளைச்சல் சரிந்துவிடும். இதற்கு வினையூக்கி துணைசெய்தது. அது சமநிலையை எப்பக்கமும் நகர்த்தாது. அங்குச் சென்று சேரும் நேரத்தை மட்டுமே குறைக்கும். மாணவர்கள் பலர் குழம்பும் இடம் இது. ஹேபர் இன்னோர் உத்தியையும் கையாண்டார். உருவான அம்மோனியாவைக் குளிரவைத்துத் திரவமாகப் பிரித்தெடுத்துவிட்டு, வினைபுரியாமல் எஞ்சிய வாயுக்களை மீண்டும் கருவிக்குள் செலுத்தினார். அம்மோனியாவை எடுக்க எடுக்க, அந்தக் குறையை ஈடுகட்ட மேலும் அம்மோனியா உருவாகியது. 1909-இல் அவருடைய கருவியிலிருந்து அம்மோனியா சொட்டுச் சொட்டாக வடிந்தது.

மேசைமீது இருந்ததைத் தொழிற்சாலையாக்கியவர் கார்ல் போஷ். உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் எஃகிலுள்ள கரிமத்தைத் தின்றுவிட, கலன்கள் வெடித்தன. உட்புறம் மென்மையான இரும்பைப் பொருத்தி அதைச் சமாளித்தார். 1913-இல் ஓப்பாவ் நகரில் ஆலை இயங்கத் தொடங்கியது. முதல் உலகப் போரில் அதே அம்மோனியா வெடிமருந்து செய்யவும் பயன்பட்டது வருத்தத்திற்குரியது.

இன்று மலேசியாவில் சரவாக்கின் பிந்துலுவிலும் கெடாவின் குருணிலும் உள்ள ஆலைகள் இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பெற்று, இதே முறையில் அம்மோனியாவும் யூரியா உரமும் தயாரிக்கின்றன. கலனுக்குள் ஒருமுறை செல்லும் வாயுக்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு மட்டுமே அம்மோனியாவாகிறது. மீதி மறுபடியும் உள்ளே செல்கிறது.