ஸ்ரீரங்கத்துப் பழைய வீடு: முற்றத்தை மூடினால் என்ன ஆகும்?

ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் போகிறவர்கள் பழைய வீடுகளின் திண்ணையைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த வீடுகளின் சூட்சுமம் உள்ளே, முற்றத்தில் இருக்கிறது.

முதலில் மனையைப் பார்ப்போம். வீதிப் பக்க அகலம் குறைவு, நீளம் அதிகம். ஒரு கோடியில் வீதி, மறு கோடியில் கொல்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர், பல இடங்களில் பொதுச்சுவர். பக்கவாட்டில் ஜன்னலே வைக்க முடியாது. அப்போ நடுவில் இருக்கும் கூடத்துக்கு வெளிச்சமும் காற்றும் எப்படி வரும்? முற்றம் வழியாகத்தான்.

திண்ணை, ரேழி, முற்றம், சுற்றித் தாழ்வாரம், கூடம், அடுக்களை, கிணறு, கொல்லை. கதவுகள் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வெயில் ஏற ஏற முற்றத்துக் காற்று சூடாகி மேலே போகும். அந்த இடத்துக்கு ரேழியிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று வரும். கரண்ட் இல்லாத எக்ஸாஸ்ட் ஃபேன்னு வச்சுக்கலாம்.

திருச்சியில் ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். கீழ, மேல வீதி வீடுகள் கிழக்கு மேற்காக நீண்டவை, காற்று நேரே புகுந்து போகும். தெற்கு, வடக்கு வீதிகளில் காற்று வீட்டுக்குக் குறுக்கே போகிறது. அங்கே முற்றத்தை விட்டால் வேறு வழி இல்லை.

அடுத்து கூரை. மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். மர உத்திரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அதன்மேல் சின்னச் செங்கற்களை நிறுத்திவைத்து சுண்ணாம்புக் காரையில் மூலைவாட்டாகப் பதிப்பார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, இடித்துக் கெட்டிப்படுத்தி, தட்டோடு பாவுவார்கள். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும், காற்று பட்டால் வெளியே விட்டுவிடும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

இப்போ பல வீடுகளில் முற்றத்தின்மேல் காங்கிரீட் போட்டு அறையாக்குகிறார்கள். குரங்கு, திருட்டு, சாரல், இடநெருக்கடி என்று சொல்லும் காரணங்கள் எல்லாமே நியாயம்தான். ஆனால் அன்றிலிருந்து பகலிலேயே விளக்கு வேண்டும். காற்று நின்றதால் சுவர் காயாது, பூசணம் பிடிக்கும். அதை மறைக்க சிமென்ட் பூசுவார்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டு, சுவருக்குள் புதைந்த உத்திரத்தின் முனை உளுத்துப்போகும். கடைசியில் "வீடு பழசாயிடுச்சு, இடிச்சிடலாம்" என்பார்கள்.

குரங்குக்கும் திருடனுக்கும் இரும்புக் கிராதி போதும். சாரலுக்கு, கூரையை விட ஒரு முழம் உயர்த்தி, நாலு பக்கமும் திறந்துவிட்டு, வெளிச்சம் விடும் ஷீட் போடலாம். சுவரைப் பூசுவதானால் சுண்ணாம்பிலேயே பூசச் சொல்லுங்கள். கொத்தனார் சிமென்ட்தான் ஸ்ட்ராங் என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.