சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் பனி, அந்தப் பக்கம் வெயில்

சுவிட்சர்லாந்தின் கோஷெனென் ஊரில் கோத்தார்டு சாலைச் சுரங்கத்துக்குள் கார் நுழையும்போது கண்ணாடியில் பனி அப்பிக்கொண்டிருக்கும். கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் ஓட்டி ஐரோலோவில் வெளியே வந்தால் வெயிலில் கண் கூசும். குளிர்காலத்தில் இது அங்கே அதிசயமல்ல. நாட்டின் பரப்பு மொத்தமே 41,285 சதுர கிலோமீட்டர்தான். ஆனாலும், ‘நாளை நாடெங்கும் கடும் பனிப்பொழிவு’ என்று ஒரே வரியில் அறிவித்துவிட்டுப் போக அங்குள்ள வானிலையாளர்களுக்கு வாய்ப்பு கிடைப்பதில்லை.

ஆல்ப்ஸ் மலைத்தொடர் நாட்டைக் குறுக்கே மறிக்கிறது. வடமேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அதில் மோதி மேலேறுகிறது, குளிர்கிறது, வடசரிவிலேயே பனியைக் கொட்டித் தீர்க்கிறது. மறுபக்கம் இறங்கும்போது அது காய்ந்து வெப்பமடைந்திருக்கும். இத்தாலியின் ஜெனோவா வளைகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு உருவானாலோ எல்லாம் தலைகீழ். தெற்கே டிசீனோ மாநிலத்திலும் சிம்ப்ளோன் கணவாயிலும் பனி குவியும். வடக்கே ‘ஃபியோன்’ என்ற வெப்பக்காற்று வீசும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது காற்றின் திசை. அது கொஞ்சம் விலகினாலும் அடிவாங்கும் பள்ளத்தாக்கு மாறிவிடும்.

இதைக்கூட ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். பனி எந்த உயரம் வரை இறங்கும் என்பதுதான் உண்மையான தலைவலி.

பொதுவாக, வெப்பநிலை 0 டிகிரியாக இருக்கும் உயரத்திலிருந்து 200, 300 மீட்டர் கீழே வருவதற்குள் பனி உருகி மழையாகிவிடும். பனி மழையாகும் அந்த எல்லை 900 மீட்டரில் நின்றால், 400 மீட்டர் உயரத்திலுள்ள சூரிச்வாசிகள் குடையோடு வேலைக்குப் போவார்கள். ஆனால் பனி உருக வெப்பம் வேண்டும். சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் பனி அந்த வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நாற்புறமும் மலை சூழ்ந்து, காற்றோட்டமே இல்லாத பள்ளத்தாக்கில் மணிக்கணக்கில் வலுத்துப் பெய்தால், உள்ளே சிக்கிய காற்று குளிர்ந்துகொண்டே போகும். பனி எல்லை பல நூறு மீட்டர் சரிந்து தரையையே தொட்டுவிடும். மாலையில் மழையாகத் தொடங்கியது விடிவதற்குள் முழங்கால் அளவு பனியாகிவிடும். கொஞ்சம் காற்று வீசிய பக்கத்துப் பள்ளத்தாக்கில் மழையோடு போயிருக்கும்.

தாழ்வான நகரங்களுக்கு இந்த ஓரிரு டிகிரி வித்தியாசமே எல்லாம். 2006 மார்ச்சில் சூரிச்சில் 54 சென்டிமீட்டர் பனி குவிந்து போக்குவரத்து முடங்கியது. 2024 நவம்பரில் லூசர்ன் நகரில் 42 சென்டிமீட்டர். டாவோஸ் போன்ற மலை ஊர் இதே அளவைச் சமாளித்துவிடும். அதனால்தான் எச்சரிக்கை விடுப்பதற்கான பனியின் அளவே உயரத்துக்கு உயரம் வேறுபடுகிறது.

தேசிய வானிலை அமைப்பான மெட்டியோசுவிஸ், 2024 முதல் ‘ஐக்கான்’ என்ற கணினி மாதிரியைப் பயன்படுத்துகிறது. நாட்டை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி, ஒரே கணிப்பை 11 முறை போட்டுப் பார்க்கிறது. பதினொன்றும் ஒத்துப்போனால் துணிந்து சொல்லலாம். பிரிந்துபோனால் ‘20 முதல் 40 சென்டிமீட்டர்’ என்று இடைவெளி விட்டுத்தான் சொல்ல வேண்டும். மழுப்பல் என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ ஒற்றை எண்ணைவிட இதுவே நேர்மையாகப் படுகிறது. ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் சுமாராக ஒரு சென்டிமீட்டர் பனியாகும் என்பது தோராயக் கணக்குதான். கடுங்குளிரில் பஞ்சுபோல விழுந்தால் அது இரண்டாகும்; ஈரப்பனியானால் பாதியாகும்.

இத்தனை கணினி இருந்தும் வெள்ளைப் பலகைக்கு இன்னும் வேலை இருக்கிறது. காலையில் பார்வையாளர் பலகைமேல் விழுந்த புதுப்பனியின் உயரத்தை அளவுகோலால் அளந்து, அதைச் சுத்தமாக வழித்துவிட்டு, பலகையை மறுபடி பனியின் மேற்பரப்பில் வைக்கிறார். டாவோஸில் இயங்கும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்துக்கு இத்தகைய அளவுகள் போய்ச் சேர்கின்றன. அதற்கு மேலே, வைஸ்ஃப்ளூயோக்கில் 2,536 மீட்டர் உயரத்தில் உள்ள ஆய்வுக்களத்தில் 1936 முதல் பனியை அளந்துவருகிறார்கள்.

மலைப்பகுதியில் பனிப்பொழிவைக் கணிப்பது பாதி வேலைதான்; மீதி பனிச்சரிவு அபாயத்தைக் கணிப்பது. 1999 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் வடமேற்கிலிருந்து மூன்று பெரும் பனிப்பொழிவுகள் அடுத்தடுத்து வந்தன. சில இடங்களில் ஒரு மாதத்துக்குள் 5 மீட்டருக்கு மேல் பனி விழுந்தது. பிப்ரவரி 21 அன்று வலே மாநிலத்தின் எவொலேனில் பனிச்சரிவு 12 பேரைக் கொன்றது. தேசியப் பனிச்சரிவு அறிக்கை ஒரு வட்டாரத்தின் அபாயத்தைத்தான் சொல்லும். எந்தச் சாலையை அடைப்பது, எந்த வீட்டைக் காலி செய்வது என்பது உள்ளூர் நிர்வாகத்தின் முடிவு. எவொலேன் வழக்கில் ஊராட்சித் தலைவரும் பாதுகாப்புப் பொறுப்பாளரும் கவனக்குறைவுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள்.

2018 ஜனவரியில் பெரும்பனி மறுபடி வந்தபோது செர்மாட் என்ற மலை ஊருக்குப் போகும் சாலையையும் ரயில்பாதையையும் மூடிவிட்டார்கள். சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். அவசரமாகப் போக வேண்டிய சிலர் ஹெலிகாப்டரில் வெளியேறினார்கள். மற்றவர்கள் பாதை திறக்கும் வரை விடுதிகளிலேயே இருந்தார்கள்.